இரண்டு சிவப்புகள்: தேம்ஸ் கரைச் சுவரில் பெயின்ட் பேனாவும் வெளிச்சுவர்ப் பெயின்ட்டும்

இந்த மதிப்பீடு இரண்டு எளிய பொருள்களைப் பற்றியது. ஒன்று, ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும் சிவப்பு நிறப் பெயின்ட் பேனா; மற்றொன்று, வீட்டின் வெளிச்சுவருக்கு அடிக்கும் சிவப்புப் பெயின்ட். இரண்டையும் நான் வீட்டு வேலைக்காகக் கையில் எடுக்கவில்லை. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில், பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே நிற்கும் தேசிய கோவிட் நினைவுச் சுவரில் 2021 ஏப்ரலில் இதயங்கள் வரையப் பேனாவைப் பிடித்தேன். அவை வெளிறிய பிறகு மீண்டும் சிவப்பாக்கப் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். துயரக் காலத்தில் மக்களுக்கு நம்பிக்கை தரும்படி ஒரு பொதுச் சுவரில் வரைய வேண்டும் என்று நினைப்பவர்கள், என்ன வரையலாம் என்று யோசிக்கும் அளவுக்கு எதைக்கொண்டு வரையலாம் என்று யோசிப்பதில்லை. நானும் யோசித்தவன் அல்லன். அந்தக் குறையைப் பிறருக்காவது தவிர்க்கலாம் என்றே எழுதுகிறேன். நிறுவனங்களின் பெயர்களை விட்டுவிட்டேன்; இங்கே சொல்லும் குணங்களும் குறைகளும் இந்த வகைப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பொதுவானவை.

முதலில் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கும் லாம்பெத் பாலத்துக்கும் இடையில், செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்கும் நதியோரப் பாதைக்கும் நடுவே ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்துக்கு ஓடும் மதில் அது. பெருந்தொற்றில் உறவுகளை இழந்தவர்கள் சேர்ந்து உருவாக்கிய ‘கோவிட்-19 பிரீவ்டு ஃபேமிலிஸ் ஃபார் ஜஸ்டிஸ்’ என்ற அமைப்பு, ‘லெட் பை டாங்கீஸ்’ என்ற பிரசாரக் குழுவின் துணையோடு 2021 மார்ச் 29 அன்று அந்த மதிலில் முதல் இதயங்களை வரைந்தது. வீட்டுக்கு வெளியே ஆறு பேர் வரை கூடலாம் என்று இங்கிலாந்தில் கட்டுப்பாடு தளர்ந்த நாளும் அதுதான். இறப்புச் சான்றிதழில் கோவிட் என்று குறிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் இதயம் என்பது கணக்கு. சுமார் 1,500 பேர் முகக்கவசம் அணிந்து, இடைவெளி விட்டு நின்று, பத்து நாள்களில் ஏறத்தாழ 1,50,000 இதயங்களைக் கையாலேயே வரைந்து முடித்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை 2,20,000ஐத் தாண்டிவிட்டது.

அவற்றில் ஒன்று என் சித்தியுடையது. கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தவர். பிரிட்டனில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த 2021 ஜனவரியில் அவரும் போனார். இறுதிச் சடங்குக்கு 30 பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது அப்போதைய விதி. கும்பகோணத்தில் இருந்த என் அம்மா, தங்கையின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது கைப்பேசித் திரையில்தான். நான் சுவருக்குப் போகப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “அவ பேரத் தமிழ்லயே எழுதுப்பா. இங்கிலீஷ்ல எழுதினா அவ பேர் மாதிரியே இருக்காது.”

இனிப் பேனாவுக்கு வருகிறேன். பெயின்ட் பேனா என்பது மை ஊறிய நாரைக் கொண்ட சாதாரண மார்க்கர் அல்ல. உள்ளே திரவமான பெயின்ட்டும், அதைக் கலக்குவதற்கு ஒரு சிறு உருண்டையும் இருக்கும். மூடியைத் திறக்காமல் நன்றாகக் குலுக்க வேண்டும்; உருண்டை ‘டக் டக்’ என்று தட்டும். பிறகு முனையைச் சுவரில் பலமுறை அழுத்தினால் வெள்ளையாக இருக்கும் முனையில் சிவப்பு மெல்ல இறங்கிவரும். காயும்வரை தண்ணீரில் கரையும் அக்ரிலிக் என்ற பிசின் வகை என்பதால் நெடி கிடையாது. கையில் பட்டாலும் சோப்பில் போய்விடும். பிரஷ், கிண்ணம், துணி, தண்ணீர் எதுவும் தேவையில்லை. முன்பின் ஓவியப் பழக்கம் இல்லாதவர், எழுபது வயதுக்காரர், பத்து வயதுக் குழந்தை என்று யாரிடம் கொடுத்தாலும் ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள். ஒருவர் தொட்ட கிண்ணத்தை இன்னொருவர் தொட அஞ்சிய காலத்தில், ஆளுக்கொரு பேனா என்பது எவ்வளவு பெரிய வசதி என்று இப்போது நினைத்தால் விளங்குகிறது. பத்து நாளில் ஒன்றரை லட்சம் இதயங்கள் முடிந்தன என்றால் அதற்கு முழு முதற்காரணம் அந்த மக்கள். இரண்டாவது காரணம் இந்தப் பேனா. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வரைவதிலும் அது இனிமையான கருவி. உள்ளங்கை அளவு இதயத்துக்கு இடப்பக்க வளைவு ஒன்று, வலப்பக்க வளைவு ஒன்று, கீழே கூர்முனையில் இரண்டும் சேர்ந்ததும் நடுவை நிரப்பினால் போதும். ஆனால் சொரசொரப்பான சுவரில் முனை விரைவில் தேய்ந்து பிசிறு பிசிறாகிவிடும். நான் பிடித்த பேனா நாற்பது இதயங்களைக்கூடத் தாண்டவில்லை. உள்ளே பெயின்ட் மிச்சம் இருந்தும் முனை வீணாகிவிட்டது. மாற்று முனை கிடைக்கும் வகையைத் தேடி வாங்குவது நல்லது. அதைவிட முக்கியமான சங்கதி, பெயின்ட் ஒரே சீராக இறங்காது என்பது. அழுத்திய இடத்தில் குளமாகவும் இழுத்த இடத்தில் கோடாகவும் நிற்கும். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே சிவப்பாகத் தெரிந்தாலும், ஓர் இதயத்துக்குள்ளேயே தடித்த இடமும் மெலிந்த இடமும் இருக்கும். பின்னால் வந்த துன்பத்துக்கு அந்த மெலிந்த இடங்களே வாசலாயின.

பெயரைச் சிவப்பின் மேல் கறுப்பு மார்க்கரால் எழுதினேன். ‘ருக்மணி’. தமிழ் எழுத்தைச் சொரசொரப்பான பரப்பில் சிறிதாக எழுதிப் பார்த்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். ‘ரு’வின் வளைவும் ‘ணி’யின் சுழிகளும் மை பரவி அடைந்துகொள்ளப் பார்த்தன. ‘க்’ மேல் வைத்த புள்ளி ஒரு குழியில் விழுந்து காணாமற்போயிற்று. இரண்டாம் முறை வைத்தேன். அப்போது எனக்கு இடப்புறம் ஆறடி தள்ளி நின்ற பெண்மணி யாருடைய பெயரையும் எழுதாமல் இதயங்களை மட்டும் வரைந்துகொண்டே போனார். அவர் வரைந்தவை, வர இயலாத குடும்பங்களுக்காக. இரண்டு மணி நேரத்தில் நாங்கள் பேசிக்கொண்டது நான்கு வார்த்தை இருக்கலாம். சுவருக்குப் பின்னால் மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் சத்தம், சுவருக்கு முன்னால் நதி, அக்கரையில் நாடாளுமன்றம். ஓராண்டாக ஒவ்வொருவரும் தனித்தனி அறையில் அழுத துக்கம் அன்றுதான் முதன்முதலாக வெயிலுக்கு வந்தது. பிரிட்டனில் அதற்குள் மூன்று கோடிப் பேருக்கு முதல் தடுப்பூசி போட்டிருந்தார்கள். அந்தச் செய்தி எனக்கு ஆறுதல்தான். ஆனால், இனி பிழைத்துக்கொள்வோம் என்று நெஞ்சு நம்பத் தொடங்கியது அந்தச் சுவரடியில்.

பேனாவின் குறை கோடையில் தெரிந்தது. அந்த ஆண்டு கோடை முடிவதற்குள் சிவப்பு ரோஜா நிறமாகிவிட்டது. சில இடங்களில் அதுவும் போய், தேய்த்துக் கழுவிய துணியில் ஒட்டிய கறைபோல நின்றது. நான் செப்டம்பரில் போனபோது சித்தியின் இதயத்தைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. மார்க்கரின் கறுப்பு பழுப்பாகியிருந்தது. ‘க்’ மேல் இருந்த புள்ளி போய்விட்டது. ‘ருகமணி’ என்று யாரோ ஒரு தெரியாத பெண்ணின் பெயர்போல அது இருந்தது. மறக்க மாட்டோம் என்று சொல்வதற்காக எழுப்பிய ஒன்று ஐந்தே மாதத்தில் மங்கிப்போவதைக் கண்ட வேதனையை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பிறகு தேடிப் படித்தேன். சிவப்பாகத் தெரியும் பொருள், வெளிச்சத்தில் உள்ள நீலத்தையும் பச்சையையும் விழுங்கிச் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. நீலமும் அதற்கு அப்பால் உள்ள புற ஊதாக் கதிரும் ஆற்றல் மிகுந்தவை. பளிச்சென்ற சிவப்புகளுக்குப் பயன்படும் கரிம நிறமிகள் பலவற்றில் அந்த ஆற்றல் மூலக்கூறின் பிணைப்புகளையே அறுத்துவிடுகிறது. பிணைப்பு அறுந்தால் நிறமும் போயிற்று. இந்தச் சுவர் மேற்கே நதியைப் பார்த்து நிற்பது. பிற்பகல் வெயில் முழுவதும் அதன் முகத்தில் விழும். லண்டனின் மழைக்காற்று பெரும்பாலும் வருவதும் தென்மேற்கிலிருந்துதான். கரையோர மரங்களின் நிழல் விழும் இடத்தில் இருந்த இதயங்கள் சற்றுத் தாமதமாக வெளிறியதை நானே பார்த்தேன். பேனாவின் பெயின்ட் படலமோ தாள் அளவு மெல்லியது. இழக்க அதனிடம் அதிகம் இல்லை.

பேனா உறையில் ‘கல், மரம், கண்ணாடி, உலோகம் எதிலும் எழுதும்’ என்று போட்டிருந்தது. அது பொய்யில்லை. எழுதும் என்பதுதான் அதன் வாக்கு. நிற்கும் என்று அது சொல்லவில்லை. வாங்குபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வெளியிடத்துக்கு வாங்கும்போது நிறமியின் எண்ணைப் பாருங்கள். நல்ல ஓவியப் பொருள்களில் அது அச்சிடப்பட்டிருக்கும். ‘பி.ஆர்.’ என்பது ‘பிக்மென்ட் ரெட்’, அதாவது சிவப்பு நிறமி. ‘பி.ஆர். 254’ என்று இருந்தால் அது ஃபெராரி கார்களின் சிவப்போடு பெயர் சேர்ந்த நிறமி; வெயிலை நன்றாகத் தாங்கும். ‘பி.ஆர். 101’ என்பது இரும்பு ஆக்சைடு, அதாவது நம் காவி. கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் அடிக்கிறோமே, அந்தக் காவியேதான். அது இரும்பின் துரு. அதற்கு மேல் வெயில் அதை ஒன்றும் செய்துவிட முடியாது. குகைச் சுவர்களில் ஆதி மனிதர்கள் தீட்டிய செம்மண் ஓவியங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக நிற்பதும் அதனால்தான். ஆனால் காவியில் இதயம் வரைந்தால் அது செங்கல்போல இருக்கும், இரத்தம்போல இராது. பளிச்சென்ற சிவப்பு வேண்டும் என்றால் அதற்குரிய விலையையோ அதற்குரிய உழைப்பையோ தந்தாக வேண்டும்.

சுவரின் தன்னார்வலர்கள் உழைப்பைத் தந்தார்கள். உறவுகளை இழந்த ஒரு சிறு குழுவினர், ‘சுவரின் நண்பர்கள்’ என்ற பெயரில், வெள்ளிக்கிழமைதோறும் வந்து, வெளிறிய இதயங்களை ஒவ்வொன்றாக வெளிச்சுவர்ப் பெயின்ட்டால் மீண்டும் தீட்டத் தொடங்கினார்கள். புதிய இதயங்களைச் சேர்ப்பதும், அழிந்த பெயர்களைத் திரும்ப எழுதுவதும் அவர்கள் வேலையாயிற்று. எனக்கு அந்தப் பெயின்ட் அறிமுகமானது அங்கேதான். பிறகு என் வீட்டுத் தோட்டச் சுவரில் பழகுவதற்காக நானும் ஒரு சிறிய டப்பா வாங்கினேன்.

வெளிச்சுவர்ப் பெயின்ட்டும் காயும்வரை தண்ணீரில் கரையும் அக்ரிலிக்தான். ஆனால் அதன் பிசின் வேறு வகையான காரியத்துக்காகச் செய்யப்பட்டது. சுவருக்குள் ஊறிய ஈரம் ஆவியாக வெளியேற வழி விடும். வெளியிலிருந்து மழையை உள்ளே விடாது. பாசி பிடிக்காமல் இருப்பதற்கான மருந்தும் அதில் கலந்திருக்கும். நதியோரச் சுவருக்கு இவை யாவும் இன்றியமையாதவை. படலம் பேனாவைவிடப் பல மடங்கு தடிமன். பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்கும்போது பெயின்ட் குழிக்குள் இறங்கிப் பற்றிக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம். பேனா முனை அந்தக் குழிகளின் மேட்டை மட்டுமே தொட்டுச் சென்றிருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தும் கல்வெட்டும்போல இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

கொள்ளும் அளவைச் சொல்கிறேன், திட்டமிடுபவர்களுக்கு உதவும். சொரசொரப்பான சுவரில் ஒரு லிட்டர் சுமார் 6 சதுர மீட்டருக்கு வரும். எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள இதயம் ஏறத்தாழ 45 சதுர சென்டிமீட்டர். இரண்டு கோட்டிங் என்று வைத்துக்கொண்டால் ஒரு லிட்டரில் 650 இதயங்களுக்கு மேல் தீட்டலாம். கால் லிட்டர் மாதிரி டப்பாவே 160 இதயங்களுக்குப் போதும். பேனாக் கணக்கில் அதற்கு நான்கைந்து பேனா வேண்டும். ஆக, பெயின்ட்டே மலிவு. இந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஆனால் ஆயிரத்து ஐந்நூறு பேர் கையில் பிரஷ்ஷும் கிண்ணமும் கொடுத்துப் பத்து நாளில் அந்தச் சுவரை முடித்திருக்க முடியுமா என்று கேட்டால், முடிந்திருக்காது என்றுதான் சொல்வேன்.

பெயின்ட்டின் சிரமங்கள் சாதாரணமானவை அல்ல. முதலாவது, பளிச்சென்ற சிவப்புக்கு மூடும் திறன் குறைவு. வெள்ளைப் பெயின்ட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு இருப்பதால் ஒரே கோட்டிங்கில் அடியிலுள்ளதை மறைத்துவிடும். சிவப்பில் அதைச் சேர்த்தால் நிறம் ரோஜாவாகிவிடும் என்பதால் சேர்க்க முடியாது. ஆகவே இரண்டு, சில இடங்களில் மூன்று கோட்டிங் வேண்டும். முதல் கோட்டிங் ஆறுவதற்குள் அவசரப்பட்டு இரண்டாவதைப் போட்டால் அடியிலுள்ளது உரிந்து பிரஷ்ஷோடு வந்துவிடும். நான் அப்படி இரண்டு இதயங்களைக் கெடுத்திருக்கிறேன். இரண்டாவது, குளிர். குளிர் கூடிவிட்டால் பெரும்பாலான வெளிச்சுவர்ப் பெயின்ட்டுகள் சரியாகப் படலம் கட்டுவதில்லை. லண்டனில் நவம்பர் முதல் மார்ச் வரை பல நாள்கள் அப்படித்தான். காலைப் பனி காய்ந்த பிறகு தொடங்கி, மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும். மூன்றாவது, ஓரம். பேனாவில் ஒரு குழந்தைகூட ஒழுங்கான வளைவு போடும். பிரஷ்ஷுக்கு அரை அங்குலத் தட்டை முனை வேண்டும், கை பழக வேண்டும். பெயின்ட்டைத் தோய்த்த பிறகு டப்பா விளிம்பில் ஒரு பக்கம் வழித்துவிட்டுத்தான் சுவரில் வைக்க வேண்டும். இல்லையென்றால் கீழ்முனையிலிருந்து ஒரு சொட்டு ஒழுகும். இதய வடிவத்தின் கீழே சிவப்பு ஒழுகினால் அது என்னவாகத் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உடனே துடைக்க ஈரத்துணி பக்கத்தில் இருக்கட்டும்.

நான்காவது சிரமம்தான் கடினமானது. மீண்டும் தீட்டும்போது பெயர் மறைந்துவிடுகிறது. ஒரு மகள் தன் கையெழுத்தில் தந்தைக்கு எழுதிய வரியின் மேல் நாம் பெயின்ட் பூச வேண்டியிருக்கிறது. ஆகையால் தீட்டுவதற்கு முன் படம் எடுத்துக்கொண்டு, சொற்களை அப்படியே குறித்துவைத்து, காய்ந்த பிறகு அதே இடத்தில் திரும்ப எழுத வேண்டும். எழுத்து நம்முடையதாகிவிடும், சொல் அவர்களுடையதாகவே இருக்கும். நான் முதன்முதலில் பிறர் பெயரை இப்படி எழுதிய அன்று கை நடுங்கியது. எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி எழுதினேன். அந்த ஆளை எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய பெயரை அன்று என்னைவிடக் கவனமாக உச்சரித்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

எழுதுவதற்கு எந்தக் கறுப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ‘அழியாதது’ என்று விற்கும் சாதாரண மார்க்கர்களில் பெரும்பாலும் இருப்பது திரவத்தில் கரைந்த சாயம், துகளாக நிற்கும் நிறமி அல்ல. தண்ணீரில் அழியாது, வெயிலில் வெளிறும். என் முதல் எழுத்து பழுப்பானது அதனால்தான். கரி நிறமி கலந்த பெயின்ட் பேனாவை வாங்குங்கள். கரி என்பது நெருப்பில் விளைந்த பொருள். வெளிச்சம் அதை மேலும் எதுவும் செய்வதில்லை. சிவப்பில் என்னைக் கைவிட்ட பெயின்ட் பேனா, கறுப்பில் என்னைக் கைவிடவில்லை. நுண்முனையில் கிடைக்கும் கறுப்புப் பெயின்ட் பேனாவுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

டப்பாக்களில் ‘15 ஆண்டுப் பாதுகாப்பு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் படலம் உரியாது, வெடிக்காது என்பதற்கான உறுதி. நிறம் மாறாது என்பதற்கு அல்ல. சிறிய எழுத்தில் படித்தால் தெரியும். என் தோட்டச் சுவரில் ஒரு பலகையை மேற்குப் பார்க்க வைத்து, பேனாச் சிவப்பு, அதன் மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் பூசியது, வெளிச்சுவர்ப் பெயின்ட், காவி ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் தீட்டி, பாதியை அலுமினியத் தாளால் மூடி ஓராண்டு வைத்திருந்தேன். தாளைப் பிரித்தபோது பேனாச் சிவப்பில் மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் நடுவே கோடு போட்டதுபோல வித்தியாசம். வார்னிஷ் பூசியது ஓரளவு தப்பித்திருந்தது, ஆனால் வார்னிஷ்ஷே ஓரங்களில் செதிலாக எழும்பியிருந்தது. பெயின்ட் சற்றே மங்கியிருந்தது. தாளைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். காவியில் எந்தக் கோடும் இல்லை. ஒரு வீட்டுத் தோட்டத்துச் சோதனைதான் இது. ஆனாலும் நான் யாருக்கும் வார்னிஷ்ஷைப் பரிந்துரைக்க மாட்டேன். உரியும் வார்னிஷ்ஷின் மேல் மீண்டும் தீட்டுவது இரட்டை வேலை.

இப்போது இந்த வேலையின் பயன் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் பொருளின் மதிப்பு அதைப் பொறுத்தது. பெருந்தொற்றின்போது பிரிட்டனில் நம்பிக்கை தருவதற்காகப் பல படங்கள் வந்தன. 2020 மார்ச்சிலிருந்து குழந்தைகள் வானவில்லை வரைந்து சன்னலில் ஒட்டினார்கள். எங்கள் தெருவில் ஒட்டாத வீடு குறைவு. அந்த ஆண்டு மே மாதம், தன் அடையாளத்தை வெளியிடாத தெருவோவியர் பேங்க்ஸி, சவுதாம்டன் பொது மருத்துவமனைக்கு ஓர் ஓவியத்தைக் கொடுத்தார். சூப்பர் ஹீரோ பொம்மைகளைக் கூடையில் போட்டுவிட்டுச் செவிலியர் பொம்மையை உயர்த்திப் பிடித்து விளையாடும் சிறுவனின் படம். 2021 மார்ச் 23 அன்று, முதல் ஊரடங்கு அறிவித்து ஓராண்டு நிறைந்த நாளில், அது ஏலத்தில் ஒரு கோடியே 67 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று. தொகை மருத்துவச் சேவைக்கான அறப்பணிகளுக்குச் சென்றது. நல்ல படம், நல்ல காரியம். அதற்கு ஆறு நாள் கழித்துத்தான் இந்தச் சுவரில் பேனாக்கள் இறங்கின.

வானவில்லும் செவிலியர் பொம்மையும் வாழ்பவர்களுக்குத் தெம்பு சொன்னவை. இந்தச் சுவரில் இருப்பவை இறந்தவர்களின் இதயங்கள். துக்கச் சுவரில் நம்பிக்கை எங்கே என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில், ஆறுதல் வார்த்தைகள் எனக்குத் தராத ஒன்றை அது தந்தது: நடந்தது நடந்ததுதான், அதை இத்தனை பேர் அறிவார்கள் என்ற உறுதி. பிரிட்டனில் முதலில் பெயர் தெரியவந்த பத்து மருத்துவர்களின் சாவும் சிறுபான்மை இனத்தவர்களின் சாவாக இருந்தது. இலங்கையில் பேராதனையில் மருத்துவம் படித்து, கிங்ஸ்டன் மருத்துவமனையில் முதியோர் நல மருத்துவராக இருந்த ஆன்டன் செபாஸ்டியன்பிள்ளை 2020 ஏப்ரல் 4 அன்று இறந்தபோது லண்டன் தமிழர் வீடுகளில் நிலவிய அச்சத்தை நான் மறக்கவில்லை. எண்களாகப் போய்க்கொண்டிருந்தவர்களை ஆட்களாகத் திரும்பக் கொண்டுவந்தது இந்தச் சுவர். நாடாளுமன்றத்திலிருந்து பார்த்தால் நதிக்கு இந்தப் பக்கம் ஒரு சிவப்புப் பட்டை தெரியும். அது ரோஜா நிறமாகி, பிறகு வெள்ளையாகிவிட்டால் அக்கரையில் இருப்பவர்களுக்கு நினைவூட்ட ஏதும் இல்லை. அதனால்தான் பெயின்ட் எனக்கு இவ்வளவு பெரிய விஷயமாயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளிறியது ஒரு கேடு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நிலைத்து நிற்கும் பெயின்ட்டால் முதலிலேயே வரைந்திருந்தால், அந்தப் பத்து நாளோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்போம். வெளிறியதால்தான் வெள்ளிக்கிழமைகள் வந்தன. வாரந்தோறும் அங்கே ஆள் இருப்பதால், தற்செயலாக நடந்துவரும் ஒருவர் நின்று, தன் தாய்க்கும் ஓர் இதயம் உண்டா என்று கேட்க முடிகிறது. அப்படிக் கேட்டு நின்ற ஒரு முதியவருக்குத் தன்னார்வலர் ஒருவர் பேனாவைக் கொடுத்தார். பெயரை எழுதி முடித்த முதியவர், பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து, அதைப் பிடித்தபடியே வெகுநேரம் நின்றார். யாரும் கேட்கவில்லை.

எனவே என் பரிந்துரை இது. பலர் ஒன்றுசேர்ந்து குறுகிய நாள்களில் ஒரு பொதுச் சுவரை உருவாக்க வேண்டும் என்றால் பெயின்ட் பேனாவை வாங்குங்கள். ஐந்துக்கு நான்கு தருவேன். ஆனால் அதே நாளில் பெயின்ட்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். யார் வந்து திரும்பத் தீட்டுவார்கள் என்பதையும் முடிவுசெய்யுங்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் பேனாவால் மட்டும் வரைந்தால், இறந்தவர்களின் பெயரை மறுபடியும் ஒருமுறை அழிய விடுவதாகும். அப்படியானால் என் மதிப்பெண் ஒன்றுதான். சுவர் சிறியது, ஆள்கள் குறைவு, அவசரம் இல்லை என்றால் நேரடியாக வெளிச்சுவர்ப் பெயின்ட்டுக்குப் போங்கள். சிரமங்களையெல்லாம் கணக்கில் வைத்தும் அதற்கு நான்கரை தருகிறேன். சுவருக்கு உரியவரிடம் முன்பே பேசிவிடுவதும் அவசியம். லண்டன் சுவர் முறையான அனுமதி இல்லாமல் தொடங்கியது, ஆனால் எல்லா ஊரிலும் அந்தப் பரிவு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சித்தியின் இதயத்தை நான் 2022 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தீட்டினேன். பழைய எழுத்தைப் படம் எடுத்துக்கொண்டு, இரண்டு கோட்டிங் கொடுத்து, காய்வதற்குக் காத்திருந்த நேரத்தில் நதியில் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி ஏறியது. பிறகு கறுப்புப் பேனாவைக் குலுக்கி எழுதினேன். படத்தை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அம்மா கூப்பிட்டார். கும்பகோணத்தில் அப்போது இரவு. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்ததாகச் சொன்னார்.

“புள்ளி வெச்சியா?”

“வெச்சிருக்கேம்மா.”

“தெரியுது, தெரியுது” என்றார்.